பினாங்கு வழக்கறிஞரின் அடுத்த வேலை

ஜார்ஜ் டவுனின் லைட் வீதியில், உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. அது ஆளுநருக்கோ படைத்தளபதிக்கோ எழுப்பியது அல்ல. 1869இல் மலேரியாக் காய்ச்சலில் இறந்துபோன ஒரு வழக்கறிஞருக்காக ஊர்மக்கள் பணம் திரட்டி வைத்தது. ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்ற அந்த ஸ்காட்லாந்துக்காரர் இருபது வயதை ஒட்டி இந்தத் தீவுக்கு வந்தார், ஐம்பது வயதில் இந்த மண்ணிலேயே அடங்கினார். அவர் வழக்காடி வென்ற தீர்ப்புகளை இன்று யாரும் சொல்வதில்லை. அவர் நடத்திய பத்திரிகையையும், ஆராய்ச்சி இதழையும், ஆசியக் குடிமக்களுக்காக அரசாங்கத்தோடு மல்லுக்கட்டியதையும்தான் சொல்கிறார்கள். ‘இந்தோனேசியா’ என்ற சொல் அச்சில் நிலைபெற்றதும் 1850இல் அவருடைய இதழ் வழியாகத்தான். நீதிமன்றத்தின் காலடியிலேயே நிற்கும் அந்தச் சின்னம், நீதிமன்றத்துக்கு வெளியே ஒருவர் செய்த வேலைக்கு ஊர் காட்டிய நன்றி.

பதினைந்து, இருபது ஆண்டுகள் வழக்காடிய ஒருவர் வேறு வேலை தேடப் புறப்படும்போது தன் கையிருப்பாக எதை நினைக்கிறார்? சட்ட அறிவை, வழக்குகளின் எண்ணிக்கையை, கோர்ட்டில் நின்ற ஆண்டுகளை. இருநூறு ஆண்டுப் பினாங்கு வரலாற்றை வைத்துப் பார்த்தால், இந்தக் கையிருப்பு அவர் எண்ணுகிற அளவுக்கு எல்லை தாண்டிச் செல்லாது என்றே நான் சொல்வேன். சட்ட அனுபவம் என்பது ஒரு சாசனத்தோடும், ஒரு பெயர்ப் பதிவேட்டோடும், ஒரு மொழியோடும் கட்டிப் போடப்பட்ட பொருள். அந்தக் கட்டு அறுந்தால் ஆண்டுகளுக்கு மதிப்பில்லை. ஊர்ச் சங்கத்திலும் பத்திரிகையிலும் கோயில், பள்ளிவாசல் நிர்வாகத்திலும் பிறருக்காகப் பேசி, எழுதி, பேரம் முடித்துச் சேர்த்த நம்பிக்கை மட்டும் கூடவே வரும். பினாங்கு வழக்கறிஞர்களில் இரண்டாவது வாழ்க்கை அமைந்தவர்களுக்கு அது பெரும்பாலும் அந்த வழியில்தான் அமைந்தது.

இந்த ஊரின் பெயரோடு வழக்கறிஞர் என்ற சொல் ஒட்டிக்கொண்டு உலகம் சுற்றிய கதை ஒன்று உண்டு. ‘பினாங்கு லாயர்’ என்பது 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரிடையே பேர்பெற்ற ஒரு கைத்தடி. லிகுவாலா என்ற குட்டைப் பனை வகையின் தண்டைச் சுரண்டி, பதப்படுத்தி, மெருகேற்றிச் செய்தது. கைப்பிடிப் பக்கம் வேர்முண்டு போலப் பருத்து, ஓங்கினால் மண்டை உடைகிற கனத்தில் இருக்கும். கோனன் டாயிலின் ‘பாஸ்கர்வில்லின் வேட்டைநாய்’ நாவலின் முதல் பக்கத்தில் ஷெர்லாக் ஹோம்ஸ் ஆராய்வது இந்தத் தடியைத்தான். ‘பினாங் லியார்’, அதாவது காட்டுக் கமுகு என்ற மலாய்ச் சொல்தான் ஆங்கிலேயர் காதில் ‘லாயர்’ ஆகிவிட்டது என்று ஒரு விளக்கம் உண்டு. தீவில் தகராறுகளைத் தீர்த்தது இந்தக் கம்புதான், அதனால் வந்த பெயர் என்பது இன்னொரு விளக்கம். எது சரியோ, இரண்டாவது விளக்கத்தை நம்பத் தகுந்ததாக்கியது தீவின் தொடக்ககால நிலைமை. மலாய்ப் பேச்சில் இன்றும் வாழும் ‘லோயார் பூரோக்’ என்ற சொல்லையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். படிக்காமலேயே சட்டம் பேசுகிறவனை மக்கள் அப்படி அழைத்தார்கள். சட்டத்தை எங்கிருந்தோ வந்திறங்கிய சரக்காகவே ஊர் நெடுங்காலம் பார்த்தது.

வந்திறங்கிய சரக்கு என்பது உண்மையும்கூட. 1786இல் பிரான்சிஸ் லைட் தீவில் கொடியேற்றினார். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு அங்கே முறையான நீதிமன்றம் கிடையாது. 19ஆம் நூற்றாண்டு பிறக்கும் தறுவாயில் கல்கத்தாவில் வழக்காடிப் பழகிய ஜான் டிக்கன்ஸ் என்ற பாரிஸ்டரைக் கிழக்கிந்தியக் கம்பெனி நீதிபதியாக அனுப்பியது. ஜார்ஜ் டவுனில் டிக்கன்ஸ் வீதி இன்றும் இருக்கிறது. அனுபவசாலிதான், ஆனால் அந்த அனுபவம் நிற்க இங்கே தரை இல்லை. எந்தச் சட்டத்தின்படி தீர்ப்பளிப்பது என்பதற்கே விடை இல்லாத தீவில், சட்டம் படித்த ஒரே ஆளாக அவர் உட்கார்ந்திருந்தார். இங்கிலாந்துச் சட்டம் இங்கே நடப்பில் இருக்கிறதா, சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களுக்கு அவர்கள் வழக்கமா, சீனருக்கு அவர்கள் வழக்கமா என்ற கேள்விகளோடு மேலிடத்துக்கு முறையிட்டுக்கொண்டே அவர் காலம் போயிற்று. தேர்ந்த சட்டக் கைகளும் சாசனம் இல்லாத இடத்தில் கட்டுண்டு கிடக்கும் என்பதற்கு அவர்தான் பினாங்கின் முதல் சாட்சி.

1807 மார்ச்சில், நீதிமன்றம் அமைக்க அதிகாரம் தந்த நீதிச் சாசனம் வந்தது. ரெக்கார்டர் எனப்பட்ட நீதிபதிப் பதவிக்கு முதலில் வந்தவர் சர் எட்மண்ட் ஸ்டான்லி. அயர்லாந்தில் பெரும் பதவியில் இருந்துவிட்டு வந்தவர். 1808இல் கார்ன்வாலிஸ் கோட்டையில் நீதிமன்றத்தைத் திறந்து வைத்தார். பிறகு அவர் போன இடம் நமக்குப் பழகிய ஊர். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதியாகி, 1820 முதல் 1825 வரை அதன் தலைமை நீதிபதியாகவே இருந்தார். ஆக, சட்ட அனுபவம் கடல் தாண்டியிருக்கிறதே என்று உடனே ஒருவர் கேட்கலாம். அவருக்குத் துணையாக இன்னும் பெயர்களை நானே தருகிறேன். 1856இல் பினாங்கு ரெக்கார்டரான சர் பீட்டர் பென்சன் மேக்ஸ்வெல் 1867இல் ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் எனப்பட்ட நீரிணைக் குடியேற்றங்களின் முதல் தலைமை நீதிபதியானார், பின்னாளில் எகிப்தில் சட்டப் பதவிக்குப் போனார். 1875இல் அவர் எழுதிய, சட்ட வாசகங்களுக்குப் பொருள்கொள்ளும் முறை பற்றிய நூலை மேக்ஸ்வெல் என்ற பெயராலேயே சென்னைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் புரட்டியிருக்கிறார்கள். 1808 முதல் 1884 வரையிலான நீரிணைத் தீர்ப்புகளைத் தொகுத்த நார்ட்டன் கைஷ், ஹாங்காங் நீதிமன்றத்தின் பதிவாளராகி அந்த ஊர் நீதிமன்றங்களின் வரலாற்றையும் எழுதினார்.

இந்த மறுப்பு வலுவானது. ஆனால் ஸ்டான்லி போன அதே கடல்வழியில் எதிர்த்திசையில் யார் வர முடிந்தது என்றும் கேட்க வேண்டும். பினாங்கின் முதல் ரெக்கார்டர் சென்னைக்குப் போய்த் தலைமை நீதிபதியானார். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருபது ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்த ஒரு வக்கீல் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினால், ஒரு சில்லறைக் கடன் வழக்கில்கூட அவரால் எழுந்து நின்று பேச முடியாது. இங்கிலாந்தின் பாரிஸ்டராகவோ சாலிசிட்டராகவோ இருக்க வேண்டும், அல்லது உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் ஆண்டுக்கணக்கில் பயிற்சி எழுத்தராக இருந்து தேறியிருக்க வேண்டும். வக்கீல் என்ற தரத்துக்கும் சென்னை பி.எல். பட்டத்துக்கும் அங்கே பதிவேட்டில் இடம் இல்லை. ஆட்சி செய்தது ஒரே அரசு, நீதிமன்ற மொழி ஒரே ஆங்கிலம், ஒப்பந்தச் சட்டமும் சாட்சிய விதிகளும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. அப்படியும் கதவு ஒரு பக்கமாகத்தான் திறந்தது. ஸ்டான்லியையும் மேக்ஸ்வெல்லையும் ஊர் ஊராகக் கொண்டுபோனது லண்டனிலிருந்து வந்த நியமனம். அந்த நியமனம் கிடைக்காதவர்களிடம் அவர்களைவிடக் கூடுதலான அனுபவமே இருந்திருந்தாலும் அது கரையிலேயே நின்றுவிட்டது. இதைத் திறமைக் கணக்கில் சேர்ப்பது நேர்மையாகாது.

கரையிலேயே நின்றவர்களில் எத்தனையோ தமிழர் நீதிமன்றத்துக்குள் வேறு வாசல் வழியாக வந்தார்கள். மொழிபெயர்ப்பாளராக, எழுத்தராக, சாலிசிட்டர் அலுவலகத்தின் தலைமை குமாஸ்தாவாக. பினாங்கு வழக்குகள் எப்படி நடந்தன என்று பார்த்தால் இவர்கள் இல்லாமல் ஒரு நாளும் கோர்ட் கூடியிருக்காது என்பது விளங்கும். வாதி சூலியா வீதியின் தமிழ் முஸ்லிம் வியாபாரி, பிரதிவாதி ஹொக்கியன் பேசும் சீனர், சாட்சி மலாய்க்காரர், நீதிபதி அயர்லாந்துக்காரர் என்று ஒரே அறையில் நான்கு மொழி நிற்கும். எழுத்தில் இருப்பது நாட்டுக்கோட்டைச் செட்டியார் கிட்டங்கியின் பேரேடு. முதலாளி காரைக்குடிப் பக்கத்தில் இருப்பார். பினாங்கில் கடையை நடத்தும் ஏஜெண்டோ மூன்றாண்டு கெடுவுக்கு வந்தவர். அவர் கையில் இருக்கும் அதிகாரம் ஒரு பவர் பத்திரம். அந்தப் பத்திரத்தில் ஒரு சொல் பிசகினால் அவர் எழுதி வாங்கிய அடமானம் ஆட்டம் காணும். கெடு முடிந்து அடுத்த ஏஜெண்டு வரும்போது புதுப் பத்திரம், புதுக் கையெழுத்து, வட்டிக் கணக்கின் ஒப்படைப்பு எல்லாம் மறுபடி. பக்கத்திலேயே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைச் சூழ்ந்த வக்ஃப் நிலங்கள், கோயில் சொத்துகள், உயில் வழக்குகள். 1905இல் முகமதிய, இந்து அறக்கட்டளைகளுக்கென்று தனிச் சட்டமே கொண்டுவரும் அளவுக்கு அந்தச் சொத்து வழக்குகள் பெருகியிருந்தன.

இத்தகைய ஊரில் வழக்கறிஞர் என்பவர் சட்டப் பிரிவுகளை ஒப்பிப்பவராக மட்டும் இருந்து பிழைக்க முடியாது. எதிரெதிர் வழக்கங்கள் கொண்ட இருவரை ஒரு காகிதத்தில் கையெழுத்திட வைக்கத் தெரிய வேண்டும். ஒரு சமூகத்தின் குறையை இன்னொரு மொழியில், ஆளுகிறவர் காதுக்கு ஏற்ற முறையில் மனுவாக எழுதத் தெரிய வேண்டும். இந்தத் திறன்கள் எந்தப் பட்டத்திலும் இல்லை, எந்தப் பதிவேடும் இவற்றைக் கேட்பதில்லை. லோகன் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர் அல்லர். அந்தக் காலத்தில் சட்ட முகவர் என்ற பெயரில் நீதிமன்றத்தில் அனுமதிக்கப்பட்டவர்களில் ஒருவர். 1847இல் சிங்கப்பூரில் தன் இதழைத் தொடங்கி, தீவுக்கூட்டத்தின் மொழிகளையும் மக்களையும் பற்றிச் சேகரித்துக்கொண்டே இருந்தார். 1850களில் பினாங்குக்குத் திரும்பி ‘பினாங் கெஜட்’டை நடத்தினார். அவருக்கு ஒரு தொழிலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டியிருக்கவில்லை. வழக்குக்காகக் கேட்ட வாக்குமூலங்களும் இதழுக்காகத் திரட்டிய செய்திகளும் ஒரே மனிதர்களிடமிருந்து வந்தவை. தாமஸ் பிராடெல் தலைகீழாக நடந்து வந்தவர். பினாங்குப் பக்கத்தில் சர்க்கரைத் தோட்டம் பார்க்க வந்தவர், கம்பெனி உத்தியோகத்தில் சேர்ந்து, பிறகு பாரிஸ்டராகி, 1867இல் நீரிணைக் குடியேற்றங்களின் முதல் அட்டர்னி ஜெனரலானார். தோட்டத்திலும் உத்தியோகத்திலும் பழகிய மண்ணறிவுதான் அவரைச் சட்டத்துக்குள் அழைத்து வந்தது.

20ஆம் நூற்றாண்டில் இந்தியர்களின் முறை வந்தது. 1920களில் நீரிணைச் சட்டமன்றத்தில் இந்தியருக்கென்று இடம் ஒதுக்கப்பட்டபோது அங்கே முதலில் அமர்ந்தவர் பினாங்கு பாரிஸ்டர் பி.கே. நம்பியார். அவருக்குப் பின் எச்.எச். அப்துல்காதர், அவரும் பினாங்கு வழக்கறிஞர்தான். இவர்கள் இருவரையும்விட, இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு நெருக்கமானவர் நெடியம் ராகவன். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர், இங்கிலாந்தில் பாரிஸ்டரானவர், 1920களின் இறுதியில் பினாங்கில் வழக்காடத் தொடங்கியவர். நல்ல வருமானம் தந்த தொழிலோடு மலாயா மத்திய இந்தியர் சங்கத்தையும் தலைமையேற்று நடத்தினார். தோட்டத் தொழிலாளரின் கூலியும் நிலைமையும் அந்தச் சங்கத்தின் பெரிய கவலை. அதன் ஓயாத மனுக்களும் அறிக்கைகளும் 1938 ஜூனில் இந்திய அரசு மலாயாவுக்கு உதவித்தொகையோடு ஆளனுப்பும் முறையை நிறுத்தியதற்கு ஒரு காரணம். கட்சிக்காரர் ஒருவருக்காக மனு எழுதிய அதே கை லட்சக்கணக்கான தமிழ்க் கூலிகளுக்காக எழுதியது. அவர்களில் ஒருவர்கூட அவருக்கு ஃபீஸ் கொடுத்திருக்க முடியாது.

1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் பினாங்கில் விழுந்தன. ஆங்கிலேயர் இரவோடு இரவாகத் தங்கள் இனத்தாரை மட்டும் ஏற்றிக்கொண்டு தீவைக் காலி செய்தார்கள். அன்றோடு ஆங்கிலச் சட்டத்தில் தேர்ந்த அத்தனை பேரும் வேலையிழந்தார்கள். இருபது ஆண்டு அனுபவமும் இரண்டு ஆண்டு அனுபவமும் ஒன்றாகிப்போன நாள் அது. இந்திய சுதந்திர லீக்கின் மலாயாத் தலைமை ராகவனிடம் வந்தது. 1942 ஜூனில் பாங்காக் மாநாடு அமைத்த செயற்குழுவில் ராஷ் பிகாரி போஸ், மோகன் சிங் முதலியோரோடு ராகவனும் சிங்கப்பூர் வழக்கறிஞர் கே.பி. கேசவ மேனனும் இருந்தார்கள். பினாங்கில் சுயராஜ்யப் பயிற்சி நிலையத்தை ராகவன் நடத்தினார். அங்கே பயின்ற இளைஞர்களை ஜப்பானியர் அவருக்குத் தெரியாமல் இந்தியாவுக்குள் ஒற்றர்களாக அனுப்பியபோது நிலையத்தையே மூடினார். அவரை வீட்டுக்காவலில் வைத்தார்கள். துப்பாக்கி ஏந்திய படையிடம், எங்கள் சம்மதம் இல்லாமல் எங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோகக் கூடாது என்று ஒரு வழக்கறிஞர் சொன்னார் என்பது மலாயா இந்தியர் வரலாற்றில் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டிய செய்தி. நேதாஜி வந்தபின் ஆசாத் ஹிந்த் அரசின் நிதிப் பொறுப்பு அவரிடம் வந்தது.

போர் முடிந்தது. இந்தியா விடுதலை பெற்றது. வெளிநாடுகளில் தூதரகங்கள் திறக்க வேண்டியிருந்தது, ஆள் இல்லை. ராகவனை பட்டாவியாவுக்குத் தூதரக அதிகாரியாக அனுப்பினார்கள். பின் படிப்படியாக 1952இல் பீக்கிங்கில் இந்தியத் தூதரானார். 1953 டிசம்பர் 31இல் தொடங்கி நான்கு மாதம் இழுத்த பேச்சுவார்த்தையின் முடிவில், 1954 ஏப்ரல் 29 அன்று திபெத் வாணிப ஒப்பந்தத்தில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர் அவர்தான். எதிரே சாங் ஹான்ஃபூ. அந்த ஒப்பந்தம் ஆறே பிரிவுகள் கொண்டது. எந்த ஊரில் வாணிப நிலையம், எந்தக் கணவாய் வழியாகப் போக்குவரத்து, யாத்திரிகருக்கு என்ன சீட்டு என்று சில்லறை விவரம் பேசும் காகிதம். ஆனால் முகவுரையில் ஐந்து கொள்கைகள். உலகம் அவற்றைத்தான் பஞ்சசீலம் என்று நினைவில் வைத்திருக்கிறது. கணவாய்களையும் கெடுவையும் பிரிவுகளில் எழுதி, நோக்கத்தை முகவுரையில் நிறுத்துவது பத்திரம் எழுதுகிறவர்கள் நன்கறிந்த முறை. எட்டாண்டு கெடுவோடு எழுதிய அந்த ஒப்பந்தம் 1962இல் காலாவதியாகி, போரும் வந்தது வேறு கதை. பினாங்கில் அடமானப் பத்திரங்களோடு பழகிய ஒருவரின் கையெழுத்து ஆசியாவின் இரண்டு பெரிய நாடுகளுக்கு இடையிலான காகிதத்தில் இருக்கிறது என்பதே இங்கே முக்கியம். கேசவ மேனன் ஜப்பானியச் சிறையிலிருந்து மீண்டு, 1923இல் தான் தொடங்கிய ‘மாத்ருபூமி’ நாளிதழின் ஆசிரியர் நாற்காலிக்கே திரும்பினார், இடையில் இலங்கைக்கு இந்தியத் தூதராகவும் போய்வந்தார்.

இதெல்லாம் போரும் விடுதலையும் தந்த வாய்ப்பு, ஆளின் தகுதிக்கு இதில் என்ன பங்கு என்று கேட்பவர் உண்டு. வாய்ப்பு பெரிய பங்கு வகித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போர் மலாயாவின் எல்லா வழக்கறிஞர்களையும் ஒரே நாளில் தெருவில் நிறுத்தியது. அவர்களில் யாரிடம் மக்கள் போனார்கள் என்பதைப் போர் தீர்மானிக்கவில்லை, அதற்கு முந்தைய பத்தாண்டு தீர்மானித்தது. சங்கக் கூட்டங்களில் முகம் தெரிந்தவரிடமே போனார்கள். இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. லண்டன் போய்ப் படிக்கக் காசு இருந்தவர்கள்தானே இவர்கள்? ஆமாம். பாரிஸ்டர் பட்டம் என்பது கப்பல் கட்டணமும் மூன்றாண்டு லண்டன் வாழ்க்கையும் தாங்கக்கூடிய குடும்பத்தின் பட்டம். தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அது எட்டாக்கனி. இந்த அநீதியை எந்த வாதத்தாலும் மெழுக முடியாது, மெழுகவும் நான் விரும்பவில்லை. ஆனால் பணம் முதல் வேலையைத் தந்தது. இரண்டாவது வேலைக்கு அது போதவில்லை. லண்டனில் படித்துத் திரும்பிய பினாங்குச் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் நிலப்பத்திரம் எழுதியே ஓய்வு பெற்றார்கள்.

செல்வந்தர் வீட்டுப் பெண்களை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பினாங்கின் லிம் குடும்பத்தில் பிறந்த லிம் பெங் ஹொங், 1926இல் தன் சகோதரரோடு ஒரே சமயத்தில் இங்கிலாந்தில் பாரிஸ்டரானார். திருமணத்துக்குப் பின் திருமதி பி.எச். ஊன் என்று அறியப்பட்ட அவர் 1948இல் அமைந்த மலாயாக் கூட்டரசுச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர்களில் ஒருவர். அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறையில் பி.ஜி. லிம். தந்தை பினாங்கு வழக்கறிஞரும் சட்டமன்ற உறுப்பினருமான லிம் செங் ஈன். வசதியான வீடு, கேம்பிரிட்ஜ் படிப்பு. அந்த வசதியோடு அவர் போய் நின்றது தொழிற்சங்கங்களின் பக்கம், தொழிலாளர் கட்சியின் பக்கம். 1970களில் மலேசியா அவரைத் தன் முதல் பெண் தூதராக அனுப்பியது. முதலில் ஐக்கிய நாடுகள் சபை, பின் யூகோஸ்லாவியா, ஆஸ்திரியா, பெல்ஜியம். அரசாங்கத்தை எதிர்த்து வாதாடிய ஒருவரை அரசாங்கமே தன் குரலாகத் தேர்ந்தெடுத்தது. திரும்பி வந்து கோலாலம்பூரின் வட்டார நடுவர் தீர்ப்பு மையத்துக்கு இயக்குநரானபோது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. சட்டமும் தூதும் கடைசியில் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தன.

பேரரசு போனபின் கதவுகள் வேறு மாதிரி மாறின. 1976இன் வழக்கறிஞர் தொழில் சட்டம் யார் தகுதியுடையவர் என்று புதிதாகப் பட்டியலிட்டது. மலாயாப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம், இங்கிலாந்து பாரிஸ்டர், பிறகு வாரியம் ஏற்கும் தகுதிகள். 1985 ஜனவரி முதல் நாளோடு லண்டன் பிரிவி கவுன்சிலுக்கான மேல்முறையீடு முற்றாக நின்றது. 1990இல் தேசிய மொழிச் சட்டத் திருத்தம் தீபகற்ப மலேசிய நீதிமன்றங்களின் நடவடிக்கையை மலாய்க்கு மாற்றி, நீதிக்குத் தேவைப்படும்போது ஆங்கிலத்துக்கு இடம் விட்டது. ஒரு சுதந்திர நாடு தன் நீதிமன்றத்தில் தன் மொழியில் பேச விரும்புவதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஐம்பது வயதில் ஆங்கில வாதத்தில் சிகரம் தொட்ட ஒருவருக்கு, அந்த வாதத் திறனின் பாதி ஒரு திருத்தத்தோடு போய்விட்டது. பினாங்கிலோ பொருளாதாரமும் அதற்கு முன்பே திசை மாறியிருந்தது. 1969இல் சுங்கமில்லாத் துறைமுகம் என்ற தகுதி பறிபோனது. 1972இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை வந்தது. கப்பல் சரக்கு வழக்குகளில் கைதேர்ந்தவர், மின்னணுத் தொழிற்சாலைகளின் ஒப்பந்தங்களை எழுதப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. டிக்கன்ஸின் காலடியில் தரை இல்லாமல் போனது இருநூறு ஆண்டுக்கு முன்பு. இவர்களுக்கோ நின்றுகொண்டிருக்கும்போதே நழுவியது.

நீதிமன்றத்தை விட்டு வெளியே போவதே வளர்ச்சி என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பினாங்கில் பிறந்த கர்ப்பால் சிங் 1978 முதல் 1999 வரை ஜெலுத்தோங் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். கட்சித் தலைவராகவும் இருந்தார். ஒரு நாளும் அங்கியைக் கழற்றவில்லை. தூக்குக் கயிற்றின் முன் நிற்கும் ஏழைக்காக வாதாடுவதை அவர் அரசியலுக்கான படிக்கட்டாக வைத்துக்கொள்ளவில்லை. 2014 ஏப்ரல் 17 அதிகாலையில் கம்பார் அருகே நெடுஞ்சாலை விபத்தில் இறந்தபோதும் பினாங்கில் ஒரு வழக்குக்காகத்தான் போய்க்கொண்டிருந்தார். அவர் என் வாதத்தை மறுக்கவில்லை என்றே நினைக்கிறேன். மக்கள் அவரை வாக்குப்பெட்டி வழியாகத் தேடிப்போனதற்கும், ராகவனைச் சங்கத்தின் வழியாகத் தேடிப்போனதற்கும் காரணம் ஒன்றுதான்: கூலி வாங்காமல் நமக்காக நின்றவர் என்ற நினைவு.

இந்த வரிசையில் மிகப் பிந்திச் சட்டத்துக்கு வந்தவரும், மிக விரைவில் சட்டத்தை விட்டு வேறு தொழிலுக்குப் போனவரும் ஒருவரே. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்த துங்கு அப்துல் ரஹ்மான், கெடா அரசுப் பணியில் ஆண்டுகள் கழித்து, போரும் தோல்விகளும் குறுக்கிட்டபின் 1949இல், நாற்பத்தாறு வயதில் பாரிஸ்டரானார். கோலாலம்பூரில் துணை அரசுத் தரப்பு வழக்கறிஞர் வேலை. இரண்டே ஆண்டில் அதை விட்டு அம்னோ கட்சியின் தலைவரானார். பிறகு நடந்தது நாட்டின் வரலாறு. ஆனால் பிரதமர் பதவியிலிருந்து 1970இல் இறங்கியபின் அவர் தேடிக்கொண்ட வேலை லோகனின் வேலை. 1971இல் பினாங்கில் பிறந்த ‘தி ஸ்டார்’ நாளிதழின் தலைவராகி, ஜார்ஜ் டவுனில் இருந்தபடியே வாரந்தோறும் பத்தி எழுதினார். தன் பழைய முடிவுகளை எடைபோட்டார், ஆட்சியிலிருப்பவர்களைக் கண்டித்தார், தன்னைப் பாதுகாக்க எந்தப் பதவியும் இல்லாமல் எழுதினார். 1987 அக்டோபர் இறுதியில், அரசு பலரை விசாரணையின்றி உள்ளே தள்ளிய நாட்களில், அந்த நாளிதழின் உரிமம் முடக்கப்பட்டது. ஐந்து மாதம் கழித்து 1988 மார்ச்சில் அது மறுபடி வெளிவந்தபோது துங்குவின் பத்தி அதில் இல்லை. அப்போது அவருக்கு எண்பத்தைந்து வயது.